ஹீத்ரோ – சூரிச்: வானில் ஒரு மணித்தியாலம், வாசலிலிருந்து வாசலுக்கு ஆறு மணித்தியாலம்

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தையும் சுவிஸின் சூரிச்சையும் தூரம் பார்க்கும் கருவி ஒன்றில் போட்டால் இரண்டு எண்கள் வரும்: 788 கிலோமீற்றர், ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். முதல் எண் சரியானது. இரண்டாவதை நம்பிக் கலியாண வீட்டு முகூர்த்தத்துக்கோ, மருத்துவமனை நேரத்துக்கோ கணக்குப் போடக் கூடாது.

788 கிலோமீற்றர் என்பது பூமியின் வளைவை ஒட்டி இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே இழுத்த மிகக் குறுகிய கோடு. மைலில் 490, விமானிகள் பேசும் கடல் மைலில் 426. கருவிகளில் பல இந்தத் தூரத்தை மணிக்கு 800 கிலோமீற்றர் என்று வகுத்து, ஏறவும் இறங்கவும் என்று அரை மணித்தியாலத்தைச் சேர்த்துவிடும். 59 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 89. எந்த ஓடுபாதை, எந்தப் பக்கத்துக் காற்று, எத்தனை விமானங்கள் முன்னால் வரிசையில் நிற்கின்றன என்பதெல்லாம் அந்த 89க்குள் இல்லை. நிறுவனங்கள் தங்கள் அட்டவணையில் போகும்போது 1 மணி 40 நிமிடத்திலிருந்து 1 மணி 50 நிமிடம் வரை போடுகின்றன. திரும்பும்போது அதைவிடச் சில நிமிடங்கள் கூட.

இந்தப் பாதையைப் பற்றி எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விமானத்தில் இருக்கும் பகுதியில் குறை சொல்ல அதிகம் இல்லை. சூரிச் முனை ஐரோப்பாவிலேயே சிறந்த முனைகளில் ஒன்று. நேரம் போவது லண்டன் முனையில்தான். ஆகவே எந்த நிறுவனம் என்று தேடுவதற்கு முன், லண்டனின் எந்த விமான நிலையத்திலிருந்து, எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்பதை முடிவுசெய்ய வேண்டும்.

அட்டவணையில் உள்ள நேரம் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் தள்ளப்படும் கணத்தில் தொடங்கி, மறுமுனையில் நிறுத்துமிடத்தில் சக்கரம் நிற்கும் கணத்தில் முடிவது அது. 105 நிமிடம் என்று போட்டிருந்தால் அதைப் பிரித்துப் பாருங்கள். ஹீத்ரோவில் தள்ளப்பட்டு ஓடுபாதை முனைக்குப் போய் வரிசையில் நின்று கிளம்ப 15 முதல் 25 நிமிடம். வானில் 65 முதல் 75 நிமிடம். சூரிச்சில் இறங்கி வாசலுக்கு வர 5 முதல் 10 நிமிடம். மீதி நிறுவனம் கையிருப்பாக வைத்திருக்கும் நிமிடங்கள். இருபது நிமிடம் பிந்திக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்கு இறங்குவது இந்தக் கையிருப்பால்தான். விமானி வேகமாக ஓட்டியதால் அல்ல.

ஹீத்ரோவில் ஏறத்தாழ பத்தில் ஏழு நாட்கள் காற்று மேற்கிலிருந்து வீசும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும். ஆகவே கிழக்கே இருக்கும் சூரிச்சுக்குப் போகும் விமானம் முதலில் மேற்கே ஓடி ஏறி, பிறகு திரும்பி, வந்த பக்கமே தென்கிழக்காகப் போகும். கென்ட் மாவட்டத்தின் டெட்லிங் பக்கமாகக் கால்வாயைக் கடந்து, வட பிரான்ஸ், அல்சாஸ், ரைன் ஆறு என்று பாதை நீளும். கிழக்குக் காற்று நாளில் ஏறியவுடனே கிழக்கு முகம்தான். அதில் நாலைந்து நிமிடம் மிச்சம். காகிதத்தில் இருக்கும் 788 ஒருநாளும் பறக்கப்படுவதில்லை. உண்மையில் அதைவிடச் சில பத்துக் கிலோமீற்றர் கூடத்தான் போகும்.

உயரத்துக் காற்றையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உண்மையான பாதை 450 கடல் மைல், ஏறி இறங்கும் பகுதியும் சேர்த்துச் சராசரி வேகம் 400 நொட் (மணிக்கு 400 கடல் மைல்) என்று வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்து 40 நொட் காற்று தள்ளினால் 61 நிமிடம். அதே காற்றை எதிர்த்துத் திரும்பினால் 75 நிமிடம். வித்தியாசம் 14 நிமிடம். மாரியில் மேற்குக் காற்று பலக்கும்போது இது இன்னும் விரியும். சூரிச்சிலிருந்து லண்டன் திரும்பும் அட்டவணை எப்போதும் சற்று நீளமாக இருப்பதற்கு ஒரு காரணம் இது. மற்றக் காரணம் ஹீத்ரோவின் வானத்தில் இருக்கிறது.

ஹீத்ரோவுக்கு இரண்டே ஓடுபாதைகள். ஆண்டுக்கு 480,000 ஏற்ற இறக்கங்கள் என்ற உச்சவரம்பு, அது கிட்டத்தட்ட நிரம்பியே ஓடுகிறது. வரும் விமானங்கள் பொவிங்டன், லம்போர்ன், பிகின் ஹில், ஒக்கம் என்று நான்கு இடங்களில் ஒன்றின் மேல் ஒன்றாக வட்டமிட்டுக் காத்திருக்கும். ஒரு வட்டம் நாலு நிமிடம் என்றால் இரண்டு மூன்று வட்டத்தில் பத்து நிமிடம் போய்விடும். இது கோளாறு அல்ல, அந்த நிலையத்தின் அன்றாட வேலைமுறை. ஓடுபாதை ஒரு நிமிடம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது என்பதற்காகவே வானில் ஒரு வரிசையை வைத்திருக்கிறார்கள்.

மணிக்கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் யாராவது இதில் ஏமாறுகிறார்கள். சூரிச் எப்போதும் லண்டனைவிட ஒரு மணித்தியாலம் முன்னே. இரண்டு நாடுகளும் மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிற்றில் ஒரே கணத்தில் நேரத்தை மாற்றுவதால் ஆண்டு முழுக்க இந்த வித்தியாசம் மாறாது. எனவே பயணச்சீட்டில் 10:00க்குக் கிளம்பி 12:45க்கு இறங்கும் என்று இருந்தால் பயணம் 1 மணி 45 நிமிடம்தான். திரும்பும் சீட்டில் 10:00க்குக் கிளம்பி 10:50க்கு இறங்கும் என்று இருந்தால் ஐம்பது நிமிடத்தில் பறப்பதாக நினைக்கக் கூடாது. லண்டனில் ஆட்களை ஏற்ற வருபவருக்கு நேரம் சொல்லும்போது எந்த ஊர் மணி என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, லண்டனின் எந்த நிலையம்? நேர்கோட்டில் கட்விக்–சூரிச் சுமார் 754 கிலோமீற்றர், லண்டன் சிற்றி சுமார் 760, ஹீத்ரோ 788, லூட்டன் சுமார் 807. மிகக் கிட்டியதற்கும் தூரமானதற்கும் இடையே 53 கிலோமீற்றர், அதாவது வானில் நாலு நிமிடம். இந்த நாலு நிமிடத்துக்காக எதையும் தெரிவுசெய்ய வேண்டாம். வீட்டிலிருந்து விமான வாசல் வரை எடுக்கும் நேரத்தில்தான் ஒன்றரை மணித்தியால வித்தியாசம் வரும்.

ஈஸ்ட்ஹாம், மனர்பார்க், இல்போர்ட் பக்கத்தில் இருப்பவருக்கு லண்டன் சிற்றியைவிட நல்லது இல்லை. 474 பஸ் ஈஸ்ட்ஹாமிலிருந்து நேரே விமான நிலைய வாசலில் இறக்கும். கட்டடம் சிறியது. பாதுகாப்புச் சோதனை முடிந்தால் விமான வாசல் பக்கத்திலேயே. ஓடுபாதை 1,508 மீற்றர்தான். மற்ற இடங்களில் மூன்று பாகையில் இறங்கும் விமானம் இங்கே ஐந்தரைப் பாகையில், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செங்குத்தாக இறங்க வேண்டும். அதனால் இங்கே ஏ220, எம்ப்ரயர் போன்ற சிறிய விமானங்களைத்தான் காண்பீர்கள். முதன்முறை வருபவருக்கு இறங்கும்போது மூக்கு கீழே போவது போலவும், சக்கரம் தொட்டவுடன் பிறேக் பலமாகப் பிடிப்பது போலவும் இருக்கும். அது அந்த நிலையத்தின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. குறைகள் இரண்டு. சனிக்கிழமை நண்பகல் கழிந்தபின் மூடிவிட்டு ஞாயிறு நண்பகல் கழிந்துதான் திறப்பார்கள், ஆகவே வார இறுதிக் கொண்டாட்டத்துக்குப் போய்வர நேரம் பொருந்தாது. மற்றது, தேம்ஸ் ஓரத்துப் பனிமூட்டம் அடர்ந்தால் முதலில் நின்றுபோவது இங்கேதான்.

ஹரோ, வெம்பிளி, சவுத்ஹோல் ஆட்களுக்கு ஹீத்ரோதான். ஹரோ பஸ் நிலையத்திலிருந்து எஸ்எல்9 பஸ் நேரே ஹீத்ரோ நடுப்பகுதிக்கு, அதாவது 2ஆம், 3ஆம் முனையங்களுக்குப் போகும். சுவிஸ் நிறுவனத்தின் விமானங்கள் 2ஆம் முனையத்திலிருந்து. பிரிட்டிஷ் எயார்வேஸ் பெரும்பாலும் 5ஆம் முனையம், சிலவேளை 3. சீட்டில் பார்க்காமல் போகாதீர்கள். ஐந்துக்குப் போக வேண்டியவர் இரண்டில் இறங்கினால், முனையங்களுக்கு இடையே ரயில் இலவசம் என்றாலும், காத்திருப்பும் நடையும் சேர்ந்து 25 நிமிடம் போய்விடும். காரில் இறக்கிவிட வருபவருக்கும் ஒரு எச்சரிக்கை: இறக்கிவிடும் இடத்தில் கட்டணம் உண்டு, ஆனால் தடுப்புக் கம்பமோ கட்டணப் பெட்டியோ இல்லை. இலக்கத் தகட்டைக் கமரா பிடித்துவிடும். மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். மறந்தால் தண்டக் கடிதம் வீட்டுக்கு வரும்.

குரொய்டன், ருட்டிங் பக்கத்தவருக்குக் கட்விக் வசதி. ஈஸ்ட் குரொய்டனிலிருந்து ரயிலில் கால் மணித்தியாலம்தான். ஈசிஜெட் கட்விக்கிலிருந்தும் லூட்டனிலிருந்தும் சூரிச்சுக்குப் போகிறது. லூட்டனில் முன்பு ரயிலை விட்டு இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. 2023இல் டார்ட் என்ற சிறு ரயில் வந்தபின் பார்க்வே நிலையத்திலிருந்து முனையத்துக்கு நாலு நிமிடம். ஆனால் கைப்பை அளவு, பெட்டிக் காசு, இருக்கைக் காசு எல்லாவற்றையும் கூட்டிய பிறகே சீட்டின் விலையை மற்றவற்றுடன் ஒப்பிட வேண்டும்.

பாசல் நகரம், ஆர்காவ் மேற்குப் பகுதி என்று போக இருப்பவர் சூரிச்சையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பாசல் விமான நிலையம் பிரெஞ்சு மண்ணில் இருந்தாலும் சுவிஸ் பக்கத்துக்கென்று தனி வாசல் உண்டு. 50ஆம் இலக்க பஸ் பாசல் பெரிய ரயில் நிலையத்துக்கு இருபது நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடும். வெளியே வரும்போது பிரான்ஸ் வாசலால் வந்துவிடாமல் சுவிஸ் பலகையைப் பாருங்கள்.

இனி எத்தனை மணிக்கு. நேரத்தோடு சேரும் விமானம் வேண்டும் என்றால் காலை முதலாவதுதான். முதல்நாள் இரவே அந்த விமானம் அங்கே நிறுத்தப்பட்டிருக்கும். முந்தின பயணங்களின் பிந்தல் அதில் சேராது. ஒரு விமானம் நாளுக்கு நாலைந்து தடவை ஐரோப்பாவுக்குள் போய்வரும். காலையில் பத்து நிமிடம் பிந்தினால் மாலையில் அது ஐம்பது நிமிடமாக வளர்ந்திருக்கும். பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரை பரவாயில்லை. வெள்ளி மாலை, ஞாயிறு மாலை இரண்டும்தான் மோசம்.

அந்த நாளின் கடைசி விமானத்தை எடுக்காமல் இருப்பது நல்லது. காரணம் சூரிச்சின் சட்டம். அங்கே விமானங்கள் காலை 6 மணியிலிருந்து இரவு 11 மணி வரைதான். பிந்தியவற்றுக்கு 11:30 வரை இடம் உண்டு. லண்டனிலிருந்து போகும் கடைசி விமானம் சூரிச் நேரப்படி பத்தரை, பத்தே முக்காலுக்கு இறங்குவதாக இருந்தால், ஒரு மணித்தியாலப் பிந்தல் அதை ஓரத்துக்குத் தள்ளிவிடும். 11:30ஐ எட்ட முடியாது என்று தெரிந்தால் கிளம்பவே விடமாட்டார்கள். எதிர்த்திசையில் ஹீத்ரோவும் அப்படித்தான். இரவு 11:30 முதல் காலை 6 வரை ஆண்டுக்கு 5,800 விமானங்கள்தான் என்ற எல்லை இருக்கிறது. இரவு நின்றுபோனால் மறுநாள் காலை இருக்கைகளுக்கு நூற்றுக்கணக்கானோர் போட்டி.

சூரிச்சில் மூன்று ஓடுபாதைகள் இருந்தும் எல்லா நேரத்திலும் எல்லாவற்றையும் பாவிக்க முடியாது. நிலையத்துக்கு வடக்கே சில கிலோமீற்றரில் ஜெர்மனி. வடக்கிலிருந்து இறங்க வேண்டும் என்றால் ஜெர்மன் வானத்தில் தாழப் பறக்க வேண்டும். இரைச்சலுக்காக ஜெர்மனி அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது: வார நாட்களில் இரவு 9 முதல் காலை 7 வரை, சனி ஞாயிறும் விடுமுறை நாட்களிலும் இரவு 8 முதல் காலை 9 வரை அந்தப் பக்கத்தால் இறங்க முடியாது. அதனால் 2003 முதல் அதிகாலையில் தெற்கிலிருந்து, வீடுகள் நெருங்கிய குன்றின் மேலாக, 34ஆம் ஓடுபாதைக்கு இறங்குகிறார்கள் (ஒவ்வொரு ஓடுபாதைக்கும் முனைக்கு ஒன்றாக இரண்டு எண்கள் உண்டு). இரவில் கிழக்கிலிருந்து 28க்கு. அது 2,500 மீற்றர், மூன்றிலும் குட்டை. பகலில் வடக்கிலிருந்து 14க்கு. ஒவ்வொரு முறை முறைமை மாறும்போதும் வரிசை சற்றுத் தடுமாறும். 10/28 பாதையும் 16/34 பாதையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் ஒன்றில் விமானம் போகும்போது மற்றது காத்திருக்க வேண்டும். 28ஐயும் 32ஐயும் நீட்டுவதற்கு சூரிச் மாநில மக்கள் 2024 மார்ச் 3 வாக்கெடுப்பில் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். வேலை முடிய ஆண்டுகள் ஆகும். அதுவரை இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் பிறகு இறங்கும் விமானம் சில நிமிடங்கள் சுற்றித்தான் வரும்.

மாரியில் சுவிஸ் மேட்டுநிலத்தில் நாட்கணக்காகத் தாழ்முகில் படுத்திருக்கும். வடகிழக்கிலிருந்து பீஸ் என்ற குளிர்காற்றும் வரும். பனிமூட்டத்தில் விமானங்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்டுவார்கள், ஆகவே மணிக்கு இறங்கும் எண்ணிக்கை குறையும். காலையில் கிளம்பும் விமானத்துக்கு இறக்கையில் பனி நீக்கும் மருந்து தெளிக்க வேண்டியிருந்தால் வரிசையோடு சேர்த்து 20 நிமிடம் வையுங்கள். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை, சூரிச்சில் இன்னொரு விமானம் மாறுவதாக இருந்தால், நிலையம் சொல்லும் 40 நிமிட மாறுநேரத்தை நம்பாதீர்கள். இரண்டு மணித்தியாலம் வையுங்கள்.

விமானி "ஸ்லொட் கிடைத்திருக்கிறது" என்று ஒலிபெருக்கியில் சொல்வதன் அர்த்தம் பலருக்கும் விளங்குவதில்லை. ஐரோப்பிய வானத்தில் நெருக்கடி வந்தால் பிரஸ்ஸல்ஸில் உள்ள யூரோகொன்ட்ரோல் மையம் ஒவ்வொரு விமானத்துக்கும் ஏறும் நேரம் ஒன்றைக் கொடுக்கும். 17:42 என்று கொடுத்தால் 17:37க்கும் 17:52க்கும் இடையே சக்கரம் நிலத்தை விட வேண்டும். ஐந்து நிமிடம் முன், பத்து நிமிடம் பின். அந்த இடைவெளி தவறினால் புது நேரம் கேட்க வேண்டும், அது 40 நிமிடம் கழித்தும் வரலாம். ஏறும் வாசலில் கடைசி ஆளுக்காக ஏன் காத்திருக்கமாட்டார்கள் என்பதற்குக் காரணம் இதுதான். கதவை மூடிவிட்டு ஆட்களை ஏன் உள்ளேயே இருத்தி வைக்கிறார்கள்? தயார் என்று அறிவித்த விமானத்துக்குத்தான் இடையில் வெறுமையாகும் முந்தின நேரம் கிடைக்கும். இந்தப் பாதை பிரெஞ்சு வானத்தைத் தொட்டுப் போவதால், பிரான்சில் வான் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் என்றால் பிரான்சில் இறங்காத இந்த விமானமும் சேர்ந்து பிந்தும். நெருக்கடி நாளில் நிறுவனங்கள் முதலில் நிறுத்துவதும் இது போன்ற, நாளுக்குப் பல தடவை ஓடும் குறுந்தூரப் பாதையைத்தான். அடுத்த விமானத்தில் ஆளை ஏற்றலாம் என்ற கணக்கு.

சூரிச்சில் இறங்கிய பிறகு எல்லாம் ஒழுங்கு. லண்டன் விமானங்கள் பெரும்பாலும் டி அல்லது இ வாசலுக்கு வரும். டி என்றால் நடந்தே கடவுச்சீட்டுச் சோதனைக்கு வந்துவிடலாம். இ வாசல்கள் ஓடுபாதைகளின் நடுவே தனிக் கட்டடத்தில் இருக்கின்றன. அங்கிருந்து ஸ்கைமெட்ரோ என்ற நிலக்கீழ் வண்டியில் மூன்று நிமிடம். மாட்டுச் சத்தமும் கழுத்து மணி ஓசையும் வண்டிக்குள் கேட்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெட்டி எடுத்து வெளியே வந்தால் ரயில் நிலையம் அதே கட்டடத்தின் அடியில். சூரிச் பெரிய நிலையத்துக்கு 10 முதல் 12 நிமிடம், சுமார் 7 பிராங்க். சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி. பேர்ன், வின்டர்தூர், சென்ட்காலன் வண்டிகளும் விமான நிலையத்திலேயே நிற்கும், நகருக்குள் போய் மாற வேண்டியதில்லை. ஹீத்ரோவில் இந்த வசதிக்குக் கிட்ட வருவது எலிசபெத் வழித்தடம். பிக்கடிலி வழித்தடம் மலிவு, ஆனால் நகர நடுவுக்கு 50 நிமிடம்.

சுவிஸ் ஷெங்கனுக்குள், பிரித்தானியா வெளியே. ஆகவே இரண்டு முனையிலும் கடவுச்சீட்டுச் சோதனை. பிரித்தானியக் கடவுச்சீட்டு நுழையும் நாளில் பத்து வயதுக்குள் இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும். 2025 ஒக்டோபர் 12இல் தொடங்கிய ஈ.ஈ.எஸ். என்ற ஷெங்கன் எல்லைப் பதிவு முறையில் முதல் தடவை முகப்படமும் நான்கு விரல் அடையாளமும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு விரல் அடையாளம் இல்லை. முதல் தடவைக்கு அரை மணித்தியாலம் கூட வையுங்கள். சுவிஸ் வதிவிட அனுமதி உள்ளவருக்கு இந்தப் பதிவு கிடையாது.

மறுதிசையில் தவறு அதிகம் நடக்கிறது. சுவிஸ் குடியுரிமை பெற்றவர் அடையாள அட்டையோடு ஐரோப்பா முழுக்கப் போகலாம், ஆனால் 2021 ஒக்டோபர் 1 முதல் பிரித்தானியாவுக்கு, அங்கே வதிவிட உரிமை பெற்ற சிலரைத் தவிர மற்றவருக்கு, அந்த அட்டை போதாது. கடவுச்சீட்டு வேண்டும். 2025 ஏப்ரல் 2 முதல் ஈ.ரி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதியும் வேண்டும். அது கடவுச்சீட்டோடு இணைவதால் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் அனுமதியையும் புதிதாக எடுக்க வேண்டும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டில் இருப்பவருக்கு இந்த ஈ.ரி.ஏ. வழி பொருந்தாது. சுவிஸில் பி, சி வதிவிட அட்டை இருந்தாலும் பிரித்தானிய விசா வேண்டும். லண்டனில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் சுவிஸுக்கு ஷெங்கன் விசா வேண்டும். விமான நிறுவனம் வாசலிலேயே திருப்பி அனுப்பும், சீட்டுக் காசும் போய்விடும்.

பெட்டி கட்டுவதிலும் பிரித்தானியா இப்போது சுவிஸுக்கு வெளிநாடு என்பதை மனதில் வையுங்கள். இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோக முடியாது. நெய்ப் போத்தலும் பால்கோவாவும் அதில் அடங்கும். கருவாடு கொண்டுபோகலாம், மீன் வகைக்கு ஆளுக்கு 20 கிலோ வரை. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கறிவேப்பிலை, வெற்றிலை, முருங்கைக்காய், மாம்பழம் ஒன்றும் போகாது. சான்றிதழ் வேண்டாதவை ஐந்தே ஐந்து: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டூரியன். திரும்பும்போது 2025 ஏப்ரல் 12 முதல் பாலாடைக்கட்டியும் மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் பிரித்தானியாவுக்குள் தடை, சொக்லேட்டுக்குத் தடை இல்லை. ஊறுகாயும் சம்பலும் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் வரும். ஒரு நிலையத்தில் விடுவதை மற்றதில் பறிப்பார்கள், ஆகவே 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்டதைப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

மொத்த நேரம் இப்போது கூட்டலாம். ஹரோவிலிருந்து ஹீத்ரோ வழியாகப் பெட்டியோடு: வீட்டிலிருந்து நிலையம் 1 மணி, அங்கே காத்திருப்பு 2 மணி, அட்டவணை நேரம் 1 மணி 45, சோதனையும் பெட்டியும் 45 நிமிடம், ரயில் 20 நிமிடம். 5 மணி 50 நிமிடம். ஈஸ்ட்ஹாமிலிருந்து லண்டன் சிற்றி வழியாகக் கைப்பையோடு: 40 நிமிடம், 1 மணி 15, 1 மணி 40, 30 நிமிடம், 20 நிமிடம். 4 மணி 25 நிமிடம். ரயில் என்றால் லண்டன் சென்ட் பன்க்ராஸ் நிலையத்தில் ஒன்றேகால் மணி முந்திப் போய், பாரிஸ் கார் து நோர் வரை 2 மணி 20, ஆர்இஆர் டி என்ற நகர ரயிலில் இரண்டாவது நிறுத்தமான கார் து லியோனுக்கு மாறி, அங்கிருந்து லீரியா வண்டியில் 4 மணிக்குச் சற்றுக் கூட. வீட்டு வாசலையும் சேர்த்தால் பத்து மணித்தியாலம். நேரத்தில் ரயில் தோற்கிறது. ஆனால் பெட்டிக்குத் தனிக் காசு இல்லை, கடவுச்சீட்டு வேலை லண்டனிலேயே முடிந்துவிடும். வயதானவரோடும் மூன்று பெட்டியோடும் போகும் குடும்பம் பாரிஸில் ஒரு இரவு உறவினர் வீட்டில் தங்கிப் போவதென்றால் ரயிலையே சொல்வோம்.

இருக்கையைத் தெரிவுசெய்யும் வசதி இருந்தால் இரண்டு திசையிலும் வலப்பக்க ஜன்னல். பகலில் சூரிச்சுக்கு வடக்கிலிருந்து இறங்கும்போது அல்ப்ஸ் மலைத்தொடர் அந்தப் பக்கம் வரும். மேற்குக் காற்று நாளில் ஹீத்ரோவுக்கு இறங்கும்போது தேம்ஸும் லண்டன் நடுவும் அதே பக்கம். ஏ220 விமானத்தில் வரிசைக்கு ஐந்தே இருக்கைகள். இருவராகப் போனால் இடப்பக்க இரட்டை இருக்கையை எடுத்தால் நடுவில் யாரும் வரமாட்டார்கள்.

788 என்ற எண்ணுக்கு உண்மையான பெறுமதி வருவது விமானம் பிந்தும்போது. இழப்பீடு தூரத்தைப் பார்த்தே கணிக்கப்படுகிறது, 1,500 கிலோமீற்றருக்குள் என்பது முதல் படி. லண்டனிலிருந்து கிளம்பும் விமானம் மூன்று மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால், தவறு நிறுவனத்தின் பக்கம் என்றால், பிரித்தானியச் சட்டப்படி ஆளுக்கு 220 பவுண். பிரித்தானிய நிறுவனத்தின் விமானத்தில் லண்டனுக்குத் திரும்பும்போதும் அதே சட்டம் செல்லும். வான் கட்டுப்பாட்டு வேலைநிறுத்தம், புயல் என்றால் அந்தக் காசு இல்லை. ஆனால் இந்தத் தூரத்துக்கு இரண்டு மணித்தியாலப் பிந்தலிலிருந்தே சாப்பாடும் குடிக்கவும் தர வேண்டும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் தர வேண்டும், காரணம் எதுவானாலும். தராவிட்டால் நியாயமான விலையில் நீங்களே வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். ஐந்து மணித்தியாலம் தாண்டினால் பயணத்தைக் கைவிட்டுச் சீட்டுக் காசைத் திருப்பிக் கேட்கலாம். பிந்தல் கணக்கில் சக்கரம் தொட்ட நேரம் செல்லாது, வாசலில் நின்று கதவு ஒன்றாவது திறந்த நேரம்தான் செல்லும். 2 மணி 55 நிமிடம் பிந்தி இறங்கி, கதவு திறக்கும்போது பிந்தல் 3 மணி 4 நிமிடம் ஆகியிருந்தால் உரிமை உண்டு. கதவு திறக்கும் கணத்தில் கைத்தொலைபேசியில் நேரம் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். இங்கிலாந்தில் கோரிக்கை வைக்க ஆறு ஆண்டுகள் வரை அவகாசம் இருக்கிறது.